சுவரில் சுவிட்சை அடைக்கும் வீட்டுக்கு எந்த டிவி: ஓஎல்இடியா, மினி எல்இடியா?

எங்கள் வீட்டு ஹாலில் இப்போது ஓடுவது 55 அங்குல மினி எல்இடி. வாங்கப் போனது என்னவோ ஓஎல்இடிதான். ஈப்போவில் ஒரு கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார்கள், கண் ஓஎல்இடியை விட்டு நகரவே மாட்டேன் என்றது. விலையும் முன்பு மாதிரி எட்டாத உயரத்தில் இல்லை, தீபாவளி மலிவு விற்பனையில் இரண்டுக்கும் நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிதான். அப்படியும் ஏன் மினி எல்இடியை எடுத்தாய் என்று தம்பியும் மச்சானும் இன்னும் கேட்கிறார்கள். சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்), பகல் முழுக்க யாராவது வீட்டில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுக்கு எது சரி என்று பார்த்துத்தான் எடுத்தேன். கோலாலம்பூரில் கொண்டோவில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, ஓஎல்இடிதான் மேல். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுவதால், கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே விடுகிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. மினி எல்இடி அடிப்படையில் எல்சிடிதான். பின்னால் பொடிப்பொடியாக நிறைய எல்இடி வைத்து, பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி லேசாக வெளிச்சம் கசியும். எனக்கு அது பழகிவிட்டது. முன்கதவைத் திறந்துபோட்டு, மதிய வெயில் ஹால்வரை வருகிற வீட்டில் மினி எல்இடியின் வெளிச்சம் நன்றாகவே எடுபடுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

சரி, பர்ன்-இன், அதாவது திரையில் அழியாமல் தங்கிவிடும் அச்சு. ஓஎல்இடியில் ஒளி விடுவது கரிமப் பொருள், பயன்படுத்தப் பயன்படுத்த அதன் பலம் குறையும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் தேய்ந்தால் டிவி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரு மூலை மட்டும் அதிகமாகத் தேய்வதில்தான் வினை. பால்மரத்தில் ஒரே பக்கத்துப் பட்டையைத் தினமும் சீவினால் அந்தப் பக்கம்தான் முதலில் தீரும், அதே கதை. சேனல் லோகோ நாள் முழுக்க நின்ற இடம் மற்ற இடங்களைவிட முன்னால் தேய்ந்துபோய், பிறகு நீங்கள் எந்தப் படத்தைப் போட்டாலும் அந்த லோகோவின் நிழல் மூலையில் நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானாகக் கலைந்துபோகிற நிழலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். பர்ன்-இன் கலையாது.

இதில் நீல ஒளி தரும் பொருள்தான் சீக்கிரம் தளர்வது. அதனால் எல்ஜி பேனல்களில் வெள்ளை ஒளியை வடிகட்டி நிறம் எடுக்கிறார்கள், கூடவே வடிகட்டி இல்லாத வெள்ளைப் புள்ளி ஒன்றும் உண்டு. 2022-ல் சாம்சங், சோனி டிவிகளில் வந்த கியூடி-ஓஎல்இடியில் நீல ஒளியை வைத்தே சிவப்பையும் பச்சையையும் உண்டாக்குகிறார்கள். 2021 கடைசியில் எல்ஜி டிஸ்பிளே, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கலந்த பொருளைப் பேனலில் பயன்படுத்துவதாக அறிவித்தது. எல்லாமே தேய்மானத்தைத் தள்ளிப்போடும் வழிகள்தான். நன்றாகவே தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், 2017 டிவிக்கும் இப்போது வருவதற்கும் ஒரே தீர்ப்பு எழுதக்கூடாது.

எங்கள் வீட்டில் டிவி எப்படி ஓடும் என்றால், காலையில் அம்மா சாமி கும்பிட்டு முடித்ததும், கூரைத் தட்டு வழியாக வரும் கட்டண டிவியான ஆஸ்ட்ரோவில் ராகா. ரேடியோதான், ஆனால் டிவியில். பாட்டு பாட்டாக மாறும், திரையில் பெயரும் லோகோவும் அப்படியே நிற்கும். அப்புறம் வானவில் சேனல், மதியத் தூக்கத்திலும் அது ஓட வேண்டும், நாம் அடைத்தால் உடனே விழித்துக்கொள்வார். சாயங்காலத்திலிருந்து சன் டிவி சீரியல் வரிசை. பேரப்பிள்ளைகள் வந்தால் மட்டும் கார்ட்டூன். படத்தை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கிற வசதி பல டிவியில் இருக்கிறது, அதை அம்மாவிடம் விளக்கப் போனால் "நீயே வந்து போட்டுக் கொடுத்துட்டுப் போ" என்பார்.

கனடாவில் டிவிகளைச் சோதிக்கும் ஆர்டிங்ஸ் என்ற குழு, 2018-ல் எல்ஜியின் 2017 மாடல் ஓஎல்இடி ஆறை வாங்கி, செய்திச் சேனல், கால்பந்து, கேம் என்று ஆளுக்கொன்றாகப் போட்டு நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டியது. சிஎன்என் ஓடியவற்றில் அச்சு பளிச்சென்று விழுந்தது. காட்சி மாறிக்கொண்டே இருந்தவை எவ்வளவோ தேவலை. டிவியை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதைவிட எதைப் பார்க்கிறீர்கள் என்பது பெரிது என்று எல்லாரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பட்டது வேறு ஒன்று. ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரம் அடைத்து வைத்தார்கள், கரண்டைத் துண்டிக்காமல். படாத பாடு படுத்திய சோதனையிலேயே அந்த ஓய்வைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏனென்றால் ஓஎல்இடி டிவி தன்னைச் சரிபார்த்துக்கொள்வதே நாம் பார்த்து முடித்த பிறகுதான். ரிமோட்டில் அடைத்ததும் திரை இருண்டுவிடும், ஆனால் உள்ளே வேலை நடக்கும். ஒவ்வொரு புள்ளியையும் இயக்குகிற டிரான்சிஸ்டர் எவ்வளவு விலகிப் போயிருக்கிறது என்று அளந்து, அடுத்த தடவை எந்தப் புள்ளிக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். எல்ஜியில் மொத்தமாக நான்கு மணி நேரம் பார்த்துவிட்டால் அடுத்து அடைக்கும்போது இந்தச் சின்னச் சுற்று சில நிமிடம் ஓடும். 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய சுற்று, அதற்கு ஒரு மணி நேரம் போல ஆகும். எங்கள் வீட்டு ஓட்டத்துக்கு 2,000 மணி நேரம் என்பது ஆறு மாதத்தில் வந்துவிடும். சோனியில் நாமே போட்டுவிடுகிற பெரிய சுற்றும் இருக்கிறது, அதை வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் செய்யாதீர்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள், பேனலின் ஆயுளை அது கொஞ்சம் தின்னும் என்பதால். இதெல்லாம் நடக்க ஒரே நிபந்தனை, டிவிக்குப் பின்னால் கரண்ட் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருக்காது. கரண்டை யாரோ வந்து வெட்டுவதில்லை, நாங்களேதான் அடைப்போம்.

மேற்குக் கரையில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் என்று பருவம் மாறும் மாதங்களில் சாயங்காலம் ஆனால் மேகம் கட்டிக்கொண்டு இடி இறங்கும். லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முதல் இடிச் சத்தத்திலேயே கை பிளக்குக்குப் போய்விடும். மோடமோ ஆஸ்ட்ரோ பெட்டியோ ஒருமுறையாவது கருகாத வீடு எங்கள் வரிசையில் இல்லை, அதனால் இதை வயதானவர்களின் வீண் பயம் என்று என்னால் தள்ள முடியவில்லை. நம் ஊர் சாக்கெட்டிலேயே சுவிட்ச் இருப்பதால் வேலை இன்னும் சுலபம். ராத்திரி படுக்கப் போகும்முன் அம்மா ஒரு சுற்று வருவார்: கேஸ், பின்கதவு, சாமி விளக்கு, டிவி சுவிட்ச். ரிமோட்டை அவர் தேடுவதே கிடையாது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் ஒரு தட்டு, முடிந்தது. காலையில் திரும்பத் தட்டினால் நேராக ராகா.

இந்த வீட்டில் ஓஎல்இடியை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் லோகோ, ராத்திரி கரண்டே இல்லை. டிவிக்குள் எத்தனை பாதுகாப்பு வைத்துக் கொடுத்தாலும், லோகோ இருக்கும் இடத்தைத் தானாக மங்கலாக்குவது, படத்தைச் சில புள்ளி இப்படி அப்படி நகர்த்துவது ஆகியவை மட்டும்தான் வேலை செய்யும். முக்கியமான பராமரிப்புக்கு நேரமே கிடைக்காது. கடையில் இதை யாரும் கேட்பதில்லை. எத்தனை பேர் வீட்டில், எத்தனை அடி தூரம், எந்த நாட்டுப் பேனல் என்று கேட்கிறார்கள், ராத்திரி சுவரில் அடைப்பீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ரிமோட்டில் அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து சுவரில் அடைத்தால் சின்னச் சுற்று முடிந்துவிடும். பெரிய சுற்று வரும் ராத்திரி மட்டும் சுவிட்சைத் தொடாமல் விடலாம். நான் ஒருவனே பார்க்கிற டிவி என்றால் செய்திருப்பேன். எழுபதைத் தாண்டிய அம்மாவிடம் நாற்பது வருடப் பழக்கத்தை மாற்றச் சொல்வது வேறு வேலை. சர்ஜ் புரொடெக்டர் போட்டால் போதுமே என்றார் மச்சான். போட்டிருக்கிறேன், மின்கம்பி வழியாக வருகிற அதிர்ச்சிக்கு அது உதவும். ஆனால் கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து ஒரு கேபிள் இறங்கிப் பெட்டிக்கு வருகிறது, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகிறது, அந்தப் பாதைக்கு அந்த சர்ஜ் புரொடெக்டர் காவல் இல்லை. பக்கத்தில் விழுகிற இடிக்கு பிளக்கைப் பிடுங்கி, கேபிளையும் கழற்றி வைப்பதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

மினி எல்இடிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. திரையில் இருக்கும் திரவப் படிகம் ஒளி விடுவதில்லை, பின்னால் வரும் ஒளியை விடுவதும் மறிப்பதும்தான் அதன் வேலை, அதனால் லோகோ நின்ற இடம் தனியாகத் தேய வழியில்லை. எப்போதாவது ஒரு நிழல் தங்கினாலும் வேறு படம் ஓடினால் கலைந்துவிடும். அடைத்த பிறகு அது செய்ய வேண்டிய ராத்திரி வேலை ஒன்றும் இல்லை. அம்மா சுவரில் தட்டுகிறார், காலையில் தட்டுகிறார், டிவி கண்டுகொள்வதே இல்லை. வாங்கியதிலிருந்து இதே பாடுதான், மூலையில் ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறப் படத்தை முழுத்திரையில் போட்டு அவ்வப்போது பார்ப்பேன், அது என் கிறுக்கு.

அதற்காக எல்சிடி சாகாவரம் பெற்றது என்று எழுத மாட்டேன். ஆர்டிங்ஸ் 2022 கடைசியில் நூறு டிவிகளை வைத்து இன்னொரு நீண்ட சோதனை தொடங்கியது. அதில் ஓரத்தில் மட்டும் எல்இடி வைத்த மெல்லிய எல்சிடிகள் பலவற்றில் வெளிச்சம் திட்டுத்திட்டாகிப் போனது, சூடு ஒரே இடத்தில் தேங்குவதால். ஆகவே ஓஎல்இடி வேண்டாம் என்று முடிவு செய்து, மலிவாக இருக்கிறதே என்று ஓரத்து எல்இடி டிவியை எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. பின்பக்கம் முழுக்க எல்இடி பரப்பிய ரகமாகப் பாருங்கள். பழுது என்று வந்தால், சாதாரண எல்சிடியில் பின்னால் இருக்கும் எல்இடி பட்டையை எங்கள் ஊர் ரிப்பேர் கடையிலேயே மாற்றித் தருகிறார்கள். மினி எல்இடியில் அது அவ்வளவு லேசு இல்லை, நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் பொடி எல்இடிகள். கடைக்காரரிடம் கேட்டேன், இதுவரை ஒன்றும் தன் மேசைக்கு வரவில்லை என்றார். அது நல்ல செய்தியா, ரகம் புதிது என்பதாலா, தெரியவில்லை. என் டிவிக்கும் வயது குறைவு, எட்டாவது வருடத்தைப் பற்றி நான் பேச முடியாது. ஓஎல்இடியில் அச்சு விழுந்தால் பேனலையே மாற்ற வேண்டும், அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புது டிவி. வாரண்டி தாளில் பர்ன்-இன் சேர்ந்திருக்கிறதா என்று வாங்குமுன் படித்துவிடுங்கள், சேராத வாரண்டிகள் நிறைய. (பல்லி உள்ளே புகுந்து போர்டு போவது இரண்டுக்கும் பொது, அதற்கு எந்த வாரண்டியும் இல்லை.)

போனில் ஓஎல்இடி இருக்கிறதே என்று கேட்பார்கள். என் போனும் அதுதான், கவலையே படவில்லை. போன் திரை அடிக்கடி அணைகிறது, படம் மாறுகிறது, மூன்று நான்கு வருடத்தில் போனே மாறிவிடுகிறது. டிவியை நாம் அப்படி மாற்றுவதில்லை.

தம்பி கோலாலம்பூரில் ஓஎல்இடி வைத்திருக்கிறான், அவனுக்கு அதுதான் சரி. பகலில் வீட்டில் ஆள் இல்லை, ராத்திரி விளக்கை அடைத்துவிட்டு ஒரு படமோ பந்தோ பார்ப்பான், ஆஸ்ட்ரோ இல்லை, பிளக்கை யாரும் தொடுவதில்லை. அவன் டிவியில் எந்த அச்சும் இல்லை, இன்னும் பல வருடம் இருக்காது என்றே நினைக்கிறேன். அவன் வீட்டுக்குப் போனால் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

இன்னொன்று. தீபாவளி, சீனப்புத்தாண்டு முடிந்ததும் கடையில் காட்சிக்கு வைத்திருந்த செட்டுகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மச்சான் அப்படி ஒரு ஓஎல்இடியைப் பார்த்துவைத்திருந்தார். கடையில் அது மாதக்கணக்கில், முழு வெளிச்சத்தில், ஒரே விளம்பரப் படத்தை ஒரே லோகோவோடு காலையிலிருந்து ராத்திரிவரை ஓட்டியிருக்கும், கடை மூடும்போது மெயின் சுவிட்சையும் அடைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட செட்டை எடுத்தே தீர வேண்டுமென்றால் யூஎஸ்பியில் முழுச் சாம்பல், முழுச் சிவப்பு என்று சில படங்களைக் கொண்டுபோய்ப் போட்டு மூலைகளைப் பாருங்கள், நிழல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். காட்சிக்கு வைத்த மினி எல்இடி என்றால் திரை சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நன்றாகப் பேரம் பேசி எடுக்கலாம்.