சொல்லின் வேரைத் தேட எது உதவும்: பொகோர்னியா, வாட்கின்ஸா, விக்சனரியா?

'பாரம்' வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அதுவும் ஆங்கிலத்தின் 'பர்டன்' என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. வடமொழி, கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் போன்ற கிளைமொழிகளுக்கெல்லாம் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் அந்த வேர் *ப்ஹெர்-, சுமத்தல் என்று பொருள். முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறி, இது எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைத்ததில்லை, கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று சொல்கிறது. கண்ணால் பார்க்காத சொல் என்பதால் நூலுக்கு நூல் அதன் வடிவம் மாறும். அப்படியானால் எதை நம்புவது?

*ப்ஹெர்-ஐ வைத்து இந்த நூல்களை எடை போட முடியாது. வடமொழியில் பரதி, கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஃபெரோ, ஆங்கிலத்தில் பேர் என்று எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவதால் அதில் பெரிய தகராறு இல்லை. 'ஆதி அந்தம்' என்கிறோமே, அந்த 'அந்தம்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், நூல்களின் குணம் தெரியும். ஆங்கில 'எண்ட்', லத்தீனில் 'முன்னால்' என்று பொருள்படும் 'ஆன்தே', கிரேக்கத்தில் 'எதிரே' என்று பொருள்படும் 'ஆன்டி' எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். வேரின் பொருள் நெற்றி, முன்பக்கம்.

யூலியஸ் பொகோர்னியின் 1959 ஜெர்மன் அகராதியில் இந்த வேர் 'அ'வில் தொடங்கும். இன்றைய அறிஞர்கள் *ஹ₂எந்த்- என்று எழுதுவார்கள், சிறிய '2' அந்த வகை ஒலிகளில் இரண்டாவது என்ற குறி. அந்த 'ஹ' எங்கிருந்து வந்தது? அன்று தெரிந்த எல்லா மொழியிலும் மறைந்துபோன சில ஒலிகள் மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று வெறும் கணக்குப் போட்டே சொன்னார் மொழியியலாளர் சொசூர், அதுவும் 21 வயதில். அவர் நூல் தாங்கும் ஆண்டு 1879. துருக்கியில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளை 1915-இல் அறிஞர் ஹ்ரோஸ்னி படித்துக் காட்டினார், அவற்றின் மொழி இதே குடும்பத்தின் பழைய மொழியான ஹிட்டைட். சொசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட் மொழியில் ஒரு 'ஹ' உட்கார்ந்திருப்பதை 1927-இல் குரிவோவிச் கவனித்தார். நெற்றிக்கு ஹிட்டைட் சொல் 'ஹந்த்'! இவ்வளவு தெரிந்த பின்பும் பொகோர்னி தன் வேர்களில் இந்த ஒலிகளைச் சேர்க்கவில்லை. பிடிவாதம்தான். அதனால் அவருடைய அகராதியை எடுத்துக்காட்டுகளின் கிடங்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதில் அதை மிஞ்ச ஆளில்லை. வேரின் வடிவத்துக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். (பக்கமெங்கும் 'ஏ.ஐ.' என்ற சுருக்கம் வரும். பழைய இந்திய மொழி என்று பொருள், பயப்பட வேண்டாம்.)

ஹெல்முட் ரிக்ஸ் தலைமையில் 1998-இல் வந்து, 2001-இல் திருத்தப்பட்ட, சுருக்கமாக எல்ஐவி எனப்படும் வேர் அகராதி இதற்கு நேரெதிர். மறைந்த ஒலிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எந்தக் காலவடிவத்துக்கு எந்த மொழி சாட்சி என்று பிரித்துக் காட்டும், சந்தேகமானால் கேள்விக்குறி போடும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது வினைகளுக்கு மட்டுமான அகராதி, 'அந்தம்' போன்ற பெயர்ச்சொல்லுக்கு உதவாது. பெயர்ச்சொற்களுக்கு 2008-இல் தனி நூல் வந்தது, அதிலும் எல்லாம் இல்லை. இரண்டும் ஜெர்மனில் என்பது இன்னொரு தலைவலி.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அமெரிக்கன் ஹெரிடேஜ் ஆங்கில அகராதியின் வேர்ப் பின்னிணைப்பு போதும். 1969-இல் கால்வர்ட் வாட்கின்ஸ் தொகுத்தது. தெளிவான நடை, பெரும்பாலான வேர்களின் கீழ் பொகோர்னியின் பக்க எண், இணையத்தில் இலவசம். குறை ஒன்றுதான்: ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த சொற்களோடு கதை முடிந்துவிடும். 'பர்டன்' இருக்கும், 'பாரம்' இருக்காது.

இணைய அகராதியான விக்சனரி அந்த இடத்தை நிரப்புகிறது. கிளைமொழிகளை மரமாக விரித்து, கடன் வாங்கிய சொல்லை அம்புக்குறியால் காட்டும். நம் சொல்லுக்கு வழி தேட இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. ஆனால் யாரும் திருத்தலாம் என்பதால் பக்கத்துக்குப் பக்கம் தரம் ஏறி இறங்கும். சான்று காட்டாத பக்கத்தை நான் மூடிவிடுவேன்.

எதைத் திறந்தாலும் ஒரு விஷயத்தில் பதில் மாறாது. நம்மூரில் அடிக்கடி கேட்கும் 'ஒன்றுதான் ஒன் ஆனது' என்ற வாதத்துக்கு இவற்றில் இடமில்லை. ஆங்கில 'ஒன்', லத்தீன் 'ஊனுஸ்' இரண்டும் *ஒய்னோ- வழி வந்தவை. 'ஒன்று' என்பதற்குப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதிக்குத்தான் போக வேண்டும். அங்கே நட்சத்திரம் போட்ட மூலவடிவம் கிடைக்காது, உறவுச் சொற்களின் வரிசை மட்டும் எண்ணிட்டு இருக்கும்.