மிஷினுக்குள் நுழைய முடியவில்லை: வேக்ரண்டோடு எட்டு வருடம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஐடி வேலை பார்க்கிறேன். ஐடி அறை என்று பெயர்தான். ஸ்டோருக்கும் கட்டிங் செக்‌ஷனுக்கும் நடுவில் கண்ணாடி வைத்து அடைத்த ஒரு மூலை அது. எந்த ஆர்டர் கட்டிங்கில் நிற்கிறது, எது பேக்கிங் போய்விட்டது என்று காட்டும் மென்பொருளை நாங்களே எழுதிக்கொண்டோம். அதைச் சோதிக்க 2017-லிருந்து வேக்ரண்டும் வர்ச்சுவல்பாக்ஸும்தான். கணினிக்குள் இன்னொரு கணினியை (அதைத்தான் மிஷின் என்கிறேன்) ஓட்டுவது வர்ச்சுவல்பாக்ஸ், அதை நாம் எழுதிவைத்தபடி அமைத்துக் கொடுப்பது வேக்ரண்ட். ஒரு கட்டளை அடித்தால் உபுண்டு லினக்ஸ் மிஷின் எழுந்து, டேட்டாபேஸ் முதல் எல்லாம் ஏறித் தயாராகிவிடும். தயாராகும் நாட்களில் அதைப் போல சுகம் வேறில்லை.

ஆகாத நாட்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் ஒரு வருடம் என்னை ஏய்த்தது அந்த டைம் அவுட் செய்தி. மிஷின் எழுந்ததும் வேக்ரண்ட் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியில், உள்ளே போகப் பார்க்கும். 300 வினாடிக்குள் போக முடியாவிட்டால் கைவிட்டுவிடும். இணைப்புக் கோளாறு என்றதும் நான் ஃபயர்வாலை அணைத்தேன், ஆன்டிவைரஸைத் தூக்கினேன், ரூட்டரை மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேச்சும் வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பூட் டைம் அவுட்டை 600 ஆக்கினேன். தோற்கும் நேரம் இரண்டு மடங்கானது, அவ்வளவுதான்.

ஒருநாள் வெறுத்துப்போய், மிஷினின் அமைப்பை எழுதிவைக்கும் வேக்ரண்ட்ஃபைலின் வர்ச்சுவல்பாக்ஸ் பகுதியில் ஜியுஐ ட்ரூ என்று ஒரு வரி சேர்த்தேன். மறைந்து ஓடிக்கொண்டிருந்த மிஷினின் திரை முன்னால் வந்தது. கெர்னலுக்கு 64-பிட் சிபியு வேண்டும், இங்கே தெரிவது 32-பிட் என்று சொல்லிவிட்டு அது நின்றுகொண்டிருந்தது. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், மிஷின்களை ஓட்ட சிபியு தரும் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்து கிடந்திருக்கிறது. உள்ளே மிஷினே எழவில்லை, நான் வெளியே ரூட்டரை மாற்றிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்துச் சாளை கேட்டில் நின்று மணிக்கணக்காகக் கூப்பிட்ட கதைதான், வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. எஸ்எஸ்எச் காத்திருக்கும் வாசலான, மிஷினின் 22-ஆம் போர்ட்டை நம் கணினியின் 2222-க்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். அந்த 2222-இல் காது கொடுப்பது வர்ச்சுவல்பாக்ஸ், மிஷின் அல்ல. அதனால் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் டெல்நெட் கட்டளையை அடித்துப் பார்த்து, "போர்ட் திறந்திருக்கிறதே" என்று நம்பினால் ஏமாந்துபோவோம். உள்ளே எஸ்எஸ்எச் எழாதபோதும் அது திறந்ததுபோலவே காட்டும். மிஷின் எழும் நேரத்தில் இணைப்பு அறுந்தது, மீண்டும் முயல்கிறேன் என்று நாலைந்து வரி ஓடினால் பயப்பட வேண்டியதில்லை.

திரையைப் பார்க்கக் கற்றபின் பிடிபட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கேபிள் கதை. உபுண்டு 16.04 பாக்ஸ் (வேக்ரண்டுக்கென்று தயாராகக் கிடைக்கும் மிஷின் நகல்) ஒன்று, நெட்வொர்க்கை எழுப்புகிறேன் என்று சொல்லி ஐந்து நிமிடம் காத்திருந்தது. ஐந்து நிமிடம் என்றால் 300 வினாடி. அது காத்து முடிக்கும்போது வேக்ரண்டும் கைவிட்டிருக்கும். காரணம், அந்த மிஷினின் முதல் நெட்வொர்க் அடாப்டரில் "கேபிள் செருகப்பட்டது" என்ற டிக் இல்லை. இல்லாத கம்பியை யாரோ கழற்றிவைத்திருக்கிறார்கள்! வேக்ரண்ட்ஃபைலில் கேபிள்கனெக்டட்1 ஆன் என்று ஒரு வரி போட்டதும் சரியானது.

டைம் அவுட் வேறு, ஆதென்டிகேஷன் ஃபெயிலியர் வேறு. பின்னது வந்தால் பாதி நிம்மதி. கதவு வரை போயாயிற்று, சாவிதான் பொருந்தவில்லை என்று அர்த்தம். பெருந்துறையிலிருந்து வரும் எங்கள் ஜூனியர் தம்பி ஒருநாள், "ஏனுங்ணா, நேத்து போச்சுங்ணா, இன்னிக்கு ரீலோடு பண்ணுனா உள்ளயே விட மாட்டேங்குதுங்ணா" என்று வந்து நின்றான். "ஏங்கண்ணு, ஸ்கிரிப்ட்ல என்ன மாத்துன?" என்றேன். ஃபைல் எழுத அனுமதி இல்லையென்று ஹோம் ஃபோல்டர் முழுக்க 777 கொடுத்திருக்கிறான். யாரும் எழுதலாம் என்று திறந்துகிடக்கும் ஃபோல்டரில் உள்ள சாவியை எஸ்எஸ்எச் நம்பாது. ஹோமுக்கு 755, டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவி இருக்கும் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600 என்று மாற்றியதும் உள்ளே விட்டது. முதல் தடவை ஓடிவிடும், அடுத்த தடவைதான் இடிக்கும். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க நாளாகிறது.

போர்ட் மோதலும் ஒன்று உண்டு. இரண்டு மிஷினை ஒன்றாக எழுப்பினால், இரண்டாவதற்கு வேக்ரண்ட் தானே 2200-லிருந்து வேறொரு எண் கொடுத்துவிடும். நல்லதுதான். ஆனால் ஃபைல் அனுப்பும் வின்எஸ்சிபி மென்பொருளில் 2222 என்று சேமித்து வைத்திருந்தவன் வேறு மிஷினில் போய் ஃபைலைக் கொட்டிவிட்டான். வேக்ரண்ட் போர்ட் என்ற கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு இணைப்பது இப்போது எங்கள் வழக்கம்.

2021 அக்டோபரில் வந்த வர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28, லினக்ஸிலும் மேக்கிலும் ஹோஸ்ட் ஒன்லி (நம் கணினிக்கும் மிஷினுக்கும் இடையில் மட்டும் ஓடும் நெட்வொர்க்) முகவரிகளை 192.168.56.0/21-க்குள் அடக்கியது. நாங்கள் 10-இல் தொடங்கும் எண் வைத்திருந்ததால் முரண்டு பிடித்தது. செய்தி தெளிவாக இருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை.

இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேக்ரண்டைச் சொல்வேனா? வெறும் வெப் அப்ளிகேஷன் என்றால், முழு மிஷின் இல்லாமல் அப்ளிகேஷனை மட்டும் தனியாக ஓட்டும் டாக்கர் போதும். ஃபயர்வால், லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி, ரீபூட் ஆனபின் எது எழுகிறது என்றெல்லாம் முழு மிஷினாகச் சோதிக்க வேண்டியவர்களுக்கு இன்னும் இதுதான் வசதி. 2023 ஆகஸ்டில் வேக்ரண்டின் கம்பெனியான ஹாஷிகார்ப் அதன் லைசென்ஸை மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் மாதிரி சொந்த உபயோகத்துக்கு அதனால் இடைஞ்சல் இல்லை.

டைம் அவுட்டைக் கூட்டுவதில் நியாயம் இருக்கும் ஒரே இடம், விண்டோஸில் ஹைப்பர்-வி (மிஷின்களை ஓட்ட விண்டோஸே வைத்திருக்கும் வசதி) ஓடும் கணினி. அங்கே வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமைப் படம் தெரியும். மிஷின் எழும், மெதுவாக எழும். அக்கவுண்ட்ஸ் பக்கம் இருக்கும் ஒரு கணினியில் ஆமையை விரட்ட முடியாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட ஹைப்பர்-வியை நம்பியிருக்கும் டபிள்யுஎஸ்எல் 2 அங்கே வேண்டியிருக்கிறது. அதற்கு மட்டும் 900 வைத்திருக்கிறேன். கட்டளையை அடித்துவிட்டு டீக்குப் போய் வந்தால் சரியாக இருக்கும்.