அம்மா கிரைண்டர்: பன்னிரண்டு வருஷம் மாவாட்டிய பிறகு

எங்கள் வீட்டுக் கிரைண்டர் காசு கொடுத்து வாங்கியதில்லை. 2013-ல் அம்மாவின் ரேஷன் கார்டுக்கு மிக்ஸி, மின்விசிறியோடு சேர்ந்து வந்த டேபிள் டாப். 'விலையில்லா' என்பது அரசு வைத்த பெயர், தெருவில் எல்லோரும் சொல்வது அம்மா கிரைண்டர். என் அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. "மாவாட்டுறது நான், பேரு மட்டும் அவங்களுக்கா?" என்பார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தபோது இதை வைத்தே தேர்தல் வாக்குறுதிகளைப் பற்றி ஒரு பெரிய வாக்குவாதம் ஓடியதால், அரவையையும் அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் அரவை. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், இதுதான் எங்கள் கணக்கு. உளுந்தை முப்பத்தைந்து நிமிஷம் ஓடவிட்டு, நடுநடுவே ஐஸ் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால், மாவு பொங்கிக் குழவியின் பாதி வரைக்கும் ஏறிவிடும், ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிவிடும், இந்தப் பதம் வரவே வராது. அரிசியை மட்டும் பேராசைப்பட்டு மொத்தமாகக் கொட்டக் கூடாது, குழவி திணறி நின்றுவிடும், இரண்டு தவணையாகப் போட வேண்டும். அடைக்குக் கொரகொரப்பாக எடுப்பதில்தான் இது கெட்டிக்காரன். கடலைப்பருப்பு ஒன்றிரண்டாக இருக்கும்போதே நிறுத்திவிடலாம்.

குறை என்றால், பெல்ட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மாவை வழித்துவிடும் பிளாஸ்டிக் தகடு உடைந்து, இப்போது இருப்பது வேறு ஏதோ கிரைண்டருடையது. ஓடும்போது பக்கத்து அறையில் டிவி செய்தி கேட்காது, சில நாள் அது நல்லதாகவும் படுகிறது. மோட்டார் இதுவரை ஒரு முறைகூடக் கைவிடவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நாங்கள் அடை, தோசை. தூத்துக்குடிக்காரர் முந்தின நாளே வைத்த மீன் குழம்பைக் கொண்டுவந்தார், டீச்சர் எண்ணெய்க் கத்தரிக்காய். திருமங்கலத்து நண்பர் ஒரு சீப்பு வாழைப்பழம். வக்கீல் வாயை மட்டும் கொண்டுவந்தார்.

முதல் தோசையைப் பிட்டதுமே அவர் ஆரம்பித்துவிட்டார். கிரைண்டரில் ஒட்டியிருந்த ஜெயலலிதா படத்தின் மிச்சம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்திருக்கிறோம், சிரிப்பு போகவில்லை. "இதுதான்யா பொய். வரி நம்மோடது, கல்லு ஊத்துக்குளி கல்லு, படம் மட்டும் எதுக்கு?" 2006-ல் தி.மு.க. கலர் டிவி என்றது, 2011-ல் அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்றது. இதையெல்லாம் எதிர்த்துச் சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். எங்களுக்குக் கிரைண்டர் வந்த அதே 2013-ன் ஜூலையில், நீதிபதிகள் சதாசிவமும் ரஞ்சன் கோகோயும் தீர்ப்புச் சொன்னார்கள்: தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனாலும் இது நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கிறது, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கட்டும். வக்கீல் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தோசை உள்ளே போயிருந்தது.

டீச்சர் விடவில்லை. "சொன்னாங்க, குடுத்தாங்க. இதுல என்ன பொய்?" பொய் என்றால் என்ன என்பதற்கு அவர் வரிசையாக எடுத்துவிட்டார். கறுப்புப் பணத்தைக் கொண்டுவந்தால் ஆளுக்குப் பதினைந்து லட்சம் வரும் என்று 2014 தேர்தலுக்கு முன்பு மோடி மேடையில் பேசியதை, 2015-ல் அமித் ஷா 'ஜும்லா', அதாவது வெறும் பேச்சு, என்று தள்ளிவிட்டார். நீட்டை ரத்து செய்வோம் என்று 2021-ல் தி.மு.க. சொன்னது, செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது, கையெழுத்துப் போட வேண்டியவர் குடியரசுத் தலைவர், அது நிராகரிக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வரே அறிவித்தார். "தன் கையில இல்லாததைத் தர்றேன்னு சொல்றதுக்கு என்ன பேரு? என் பிள்ளைங்க அதை நம்பித்தானே உக்காந்திருந்துச்சு?" என்று கேட்டபோது அவர் குரல் மாறிவிட்டது, கொஞ்ச நேரம் யாரும் குழம்பைக்கூடக் கேட்கவில்லை.

அம்மாதான் தோசைக்கல்லருகே இருந்தபடியே 1967-க்குப் போனார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. அந்த ஒரு படியும் சென்னையிலும் கோவையிலும்தான் கிடைத்தது. "எங்க ஊருக்கு வரல. ஆனா எது லட்சியம், எது நிச்சயம்னு பிரிச்சுச் சொன்னாரே." எனக்கு அந்த ராத்திரியில் பிடித்த பேச்சு இதுதான். இப்போது வருகிற அறிக்கைகளில் எது லட்சியம், எது நிச்சயம் என்று யார் பிரித்துப் போடுகிறார்கள்?

திருமங்கலத்துக்காரர் அதுவரை வாயே திறக்கவில்லை. அவர் ஊர்ப் பெயரைச் சொன்னாலே 2009 ஜனவரி இடைத்தேர்தலும், ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுக்கும் 'திருமங்கலம் ஃபார்முலா'வும் ஞாபகத்துக்கு வரும் என்பது அவருக்கும் தெரியும். கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுக்கும் கவர் வந்துச்சு. அப்பா வாங்கினார். ஓட்டை வேற ஆளுக்குப் போட்டார். இதுல யாரு யாரை ஏமாத்துனது?" என்றார். வக்கீலிடம் இதற்குப் பிரிவு எண் இல்லை போல, இன்னொரு அடை கேட்டார்.

என் முடிவு: கிரைண்டருக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது பெல்ட்டுக்காக இல்லை, அந்தப் படத்துக்காக. வக்கீல் சொன்னதில் பாதி எனக்கும் சரி என்றே படுகிறது. ஆனால் மாதம் இரண்டு தடவை முதுகு ஒடிய ஆட்டுக்கல்லில் உட்கார்ந்த என் அம்மாவிடம் போய் இது வேரை அசைக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கு ஒரு டேபிள் டாப் தாராளம். கூட்டுக் குடும்பம் என்றால் பெரிய கிரைண்டராகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி மாவில் பாதியை, இலவசமே கூடாது என்று ராத்திரி முழுக்கப் பேசிய வக்கீல்தான் எங்கள் எவர்சில்வர் தூக்குவாளியில் வாங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமையே வாளியைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். இன்றைக்கு வியாழன்.