வெள்ளாட்டுப் பாலா, பசும்பாலா? தயிர், டீ, நெய் வைத்து ஒரு ஒப்பீடு

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பசும்பால் பெரும்பாலும் கறந்த கையோடு சொசைட்டிக்குப் போய்விடுகிறது. வெள்ளாட்டுப் பால் அப்படிப் போவதில்லை. குட்டி குடித்து மிஞ்சியது வீட்டுக்குத்தான். தயிர், மோர், டீ மூன்றுக்கும் எங்கள் வீட்டில் இப்போது ஆட்டுப்பால். நெய்க்கு மட்டும் பசும்பால். இங்கே சொல்வதெல்லாம் சேலம் கருப்பு மாதிரி நம்மூர் ஆட்டுக்கு. ஜமுனாபாரி போன்ற கறவை இனங்களுக்குக் கணக்கு வேறு.

ஆட்டுப்பால் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம் மொச்சை வாடை. எது நல்லது என்ற முடிவே இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஆட்டுப்பால் கொழுப்பில் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற அமிலங்கள் பசும்பாலைவிட அதிகம். கொழுப்போடு பிணைந்திருக்கும்வரை வாடை தெரியாது. பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்சைம் கொழுப்பை உடைத்து அவற்றை வெளியே விடும்போதுதான் வாடை எழும்புகிறது. பால் வெதுவெதுப்பாக நின்றாலும் குலுங்கினாலும் இது வேகமாக நடக்கும். கொதித்துவிட்டால் லைபேஸ் அடங்கிவிடும். அதனால் கறந்து அரை மணி நேரத்துக்குள் காய்ச்சிவிட வேண்டும். முடியாவிட்டால் செம்பைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வைக்க வேண்டும். பாட்டிலில் ஊற்றி பைக்கில் பத்து கிலோமீட்டர் குலுக்கிக் கொண்டுவந்த பாலை எவ்வளவு காய்ச்சினாலும் வாடை போகாது.

மற்றவை கறவையில் இருக்கின்றன. கிடாவைத் தள்ளிக் கட்டுங்கள். அதன் வாடை ஆட்டின் ரோமத்திலும் கறப்பவர் கையிலும் ஏறி, பாலுக்கும் வந்துவிடும். வேப்பந்தழை, வெங்காயத்தாள் போன்றவற்றைக் கறந்த பிறகு போடுங்கள். மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சலைக் கீழே விட்டுவிட்டு எவர்சில்வர் செம்பில் கறக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் கூடாது. பால் சுவை கெடும். இவ்வளவும் சரியாக இருந்தால், சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தால் ஆட்டுப்பால் என்று பலருக்குத் தெரியாது.

டீயில் இஞ்சி சேர்ப்பவர்கள் கவனிக்க: இஞ்சியைத் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்கவிட்டு, பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். பச்சை இஞ்சி பாலைத் திரிய வைக்கும். ஆட்டுப்பால் இன்னும் சீக்கிரம் திரியும்.

தயிரில் பசும்பால் கெட்டி, ஆட்டுப்பால் தளர்வு. ஆல்பா எஸ்1 கேசின் என்ற புரதம் ஆட்டுப்பாலில் பொதுவாகக் குறைவு என்பதால் உறைந்தாலும் கட்டி மெத்தென்றுதான் இருக்கும். பொங்கியதும் இறக்காமல், அடியில் பிடிக்காதபடி சிறு தீயில் பத்து நிமிடம் கிளறிச் சுண்ட விடுங்கள். விரல் தாங்கும் சூட்டுக்கு, அதாவது 40 முதல் 42 டிகிரிக்கு, ஆறியதும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை. ஆறேழு மணி நேரம் பாத்திரத்தை அசைக்கக் கூடாது. பிறகு நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரளவு இறுகும். அதற்கும் மேல் கெட்டி வேண்டுமானால் மல் துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிடலாம். மோருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சித்திரை வெயிலில் ஆட்டுத்தயிர் மோர் லேசாக, வழவழப்பில்லாமல் இருக்கும். எனக்கு பசுமோரைவிட இதுதான் பிடிக்கும்.

நெய்யில் பசுதான். ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் பொடியானவை, ஒன்றோடொன்று கூடி மேலே ஏறுவதில்லை. ஆடை சேர்த்து வெண்ணெய் எடுக்கும் வழக்கமான முறை இங்கே பலிக்காது. எடுத்தாலும் வெண்ணெய் வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினை ஆடு வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. பன்னீர் வரும், ஆனால் உதிரும். குழம்பில் துண்டாக நிற்காது, பொடிமாஸ் மாதிரி செய்யலாம்.

உடம்புக்கு என்று மாறுபவர்களுக்கு: பசும்பால் அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது, புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் கொஞ்சம்தான் குறைவு, அதனால் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது தீர்வு ஆகாது. ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு என்பதால் ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது. மருந்து என்று பச்சையாகக் குடிப்பதும் வேண்டாம். புருசெல்லோசிஸ் என்ற, கால்நடையிலிருந்து தொற்றும் காய்ச்சல் நோய் வரும் வழி அது.

பசுவுக்கு உள்ள பெரிய பலம், பால் தொடர்ந்து கிடைப்பது. நம்மூர் ஆடு சில மாதம் கறந்து வற்றிவிடும், ஈன்ற முதல் மாதம் குட்டிக்கே விட வேண்டும். சினைக்காலம் ஐந்து மாதம். இரண்டு ஆடு இருந்தால் மூன்று மாதம் இடைவெளி விட்டுச் சினைக்கு விடுங்கள், பால் இல்லாத நாட்கள் குறையும். இரண்டுமே வற்றியிருக்கும் வாரங்களில் பசும்பால் வாங்கிக்கொள்ளலாம்.