டேபிளா, டிவ்வா, மெயினா? ஒரு பூக்கடைப் பக்கத்தைத் திருத்திய பிறகு

தோவாளைப் பூச்சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் இணையப் பக்கத்தைச் சென்ற ஓணத்துக்குப் பிறகு முழுவதுமாகத் திருத்தி எழுதினேன். இணையப் பக்கத்தை எச்.டி.எம்.எல். மொழியின் டேக்குகள் எனும் குறிகளால் எழுதுகிறோம். பழைய பக்கம் டேபிளால், அதாவது அட்டவணை டேக்கால் கட்டியது; பின்னால் வந்த யாரோ இடையிடையே டிவ்களை, அதாவது தனக்கென ஒரு பொருள் இல்லாத பொதுப் பெட்டிகளைச் செருகியிருந்தார்கள்.

பக்க அமைப்புக்கு டேபிள் வேண்டாம். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் சி.எஸ்.எஸ். கிரிட் 2017இல் முக்கிய உலாவிகளுக்கு வந்த பிறகு அதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. பிச்சி, மல்லிகை, சம்பங்கி, அரளி என்று அன்றைய விலையை வரிசையாகக் காட்டும் இடத்தில் மட்டும் டேபிள்தான் சரி. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

உண்மையான போட்டி டிவ்வுக்கும், ஹெடர் (தலைப்பகுதி), நாவ் (இணைப்புப் பட்டியல்), மெயின் (முக்கியப் பகுதி), ஃபுட்டர் (அடிப்பகுதி) போன்ற பெயர் சொல்லும் டேக்குகளுக்கும்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு.

ஓண நாட்களில் பூ விலை அடிக்கடி மாறும். மாற்றி எழுதுபவள் வியாபாரியின் மகள், கல்லூரி மாணவி. ஒரு பகுதி தொடங்கும் இடத்தில் திறக்கும் டேக்கும், முடியும் இடத்தில் மூடும் டேக்கும் வரும். பழைய கோப்பின் அடியில் ஏழு மூடும் டிவ்கள் அடுக்காக நின்றன. ஒருநாள் அவள் கை தவறி மேலே ஒன்று அழிந்துவிட்டது. கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் விலைப் பகுதிக்குள் போய் ஒடுங்கிக்கொண்டன. "எது போச்சுன்னு தெரியல அண்ணா" என்று விடியுமுன் அழைத்தாள். எனக்கும் எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

டிவ்வுக்கு நாமே ஒரு அடையாளப் பெயர் (கிளாஸ்) வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அந்தப் பெயர் திறக்கும் டேக்கில் மட்டுமே இருக்கும். மூடும் இடத்தில் எல்லா டிவ்வும் ஒரே முகம். மெயின் மெயின் என்றே மூடுகிறது, ஃபுட்டர் ஃபுட்டர் என்றே. புதிய கோப்பில் அவள் இப்போது தானாகவே இடம் கண்டுபிடித்துத் திருத்துகிறாள்.

பார்வையற்றோருக்கும் இதில் பெரிய நன்மை உண்டு. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானில் டி விசையை அழுத்த அழுத்த அடுத்தடுத்த பகுதிக்குத் தாவி மெயினை அடைய முடிகிறது. வெறும் டிவ்களில் அந்த விசைக்குத் தாவ இடமே இல்லை. கணினியில் மட்டும்தான் சோதித்தேன், கைபேசி பற்றி அனுபவத்திலிருந்து பேச எனக்குத் தகுதியில்லை.

பக்கத்தின் ஒரு பிரிவைக் குறிக்கும் செக்ஷன் டேக்கை முதலில் தாராளமாகப் போட்டேன், பிறகு தலைப்பு இல்லாத இடங்களிலிருந்து எடுத்துவிட்டேன். பூவின் படத்தையும் எடை விவரத்தையும் அருகருகே நிறுத்த இரண்டு டிவ் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அந்த வேலைக்கு டிவ்வே போதும்.