அடுப்பு இடம் மாறினால் கேஸ் லைன்: ட்யூபா, ஜி.ஐ.யா, காப்பரா?

சமையல் மேடையை இடம் மாற்றிக் கட்டுகிறவர்கள் டைல்ஸ் நிறத்துக்காக வாரக்கணக்கில் கடை ஏறி இறங்குவார்கள். கேஸ் எப்படி வரும் என்ற பேச்சு கடைசி நாளில்தான் எழும். அப்போது மேஸ்திரி சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நீளமா ஒரு ட்யூப் வாங்கிப் போட்டுக்குங்க."

அதை முதலிலேயே கழித்துவிடலாம். ஏஜென்சியில் தரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வராது. இரண்டை ஒட்டுப்போட்டு நீட்டக் கூடாது, சுவரில் ஓட்டை போட்டு நுழைக்கவும் கூடாது. கண்ணில் படாத இடத்தில் எலி கடித்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் அடுப்போடு சிலிண்டரும் நகர இடம் இருந்தால், வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மேடைக்கடியில் கதவு போட்டு மூடுவதானால் காற்றுத் துளை கதவின் அடியில் இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். மேலே துளை போட்டால் அழகுக்குத்தான் ஆகும்.

சிலிண்டரைப் பின்கட்டிலோ பால்கனியிலோ வைப்பதென்றால் லைன் இழுத்தாக வேண்டும். ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், மலிவு, அடிபட்டாலும் லேசில் நசுங்காது. ஆனால் கடலோரத்தில், புதுச்சேரி குருசுக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும், ஜன்னல் கம்பிகள் படும் பாட்டைப் பாருங்கள். ஜி.ஐ.யில் மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும். உப்புக்காற்று முதலில் பிடிப்பது அங்கேதான், கசிவுக்கு வாய்ப்புள்ளதும் அதே மூட்டுதான். காப்பர் பச்சை பூக்கும், மற்றபடி தாங்கும். வளைத்துக் கொண்டுபோகலாம் என்பதால் மூட்டும் குறைவு. செலவு கூடுதல்தான், இருந்தாலும் கடலோர வீட்டுக்கு என் ஓட்டு காப்பருக்கே.

அதையும் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடாமல், வெளியே தெரிய கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்கள். சுவரைக் கடக்கும் இடத்தில் மட்டும் பெரிய குழாய் ஒன்றுக்குள் விட்டால் போதும். அடுப்புப் பக்கம் கை எட்டும் இடத்தில் கேஸை மூட ஒரு காக் அவசியம். காப்பர் போட்டாலும் அடுப்பில் சேரும் முனையில் குட்டி ட்யூப் இருக்கும், அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் வேலை தொடரும். வேலையை ஏஜென்சி மெக்கானிக்கிடமே கொடுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். தீக்குச்சி உரசிப் பார்க்கிற ஆசாமியை அப்படியே வாசலோடு அனுப்பிவிடலாம்.

சிலிண்டரை வெளியே வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருத் தண்ணீர் எத்தனையோ வீட்டுக்குள் வந்தது. 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டர்கூடத் தண்ணீரில் மிதக்கும். மிதந்தால் லைனை இழுக்கும். திண்டு கட்டி அதன்மேல் நிறுத்தி, சங்கிலி போடுங்கள்.

லைனே வேண்டாம், இன்டக்‌ஷன் போதும் என்பவர்களும் உண்டு. 2000 வாட் அடுப்புக்குப் பழைய வீட்டின் 5 ஆம்பியர் பிளக் தாங்காது, தனி ஒயர் இழுக்க வேண்டும். சரி, அதைச் செய்துவிடலாம். ஆனால் 2011 டிசம்பர் தானே புயலுக்குப் பிறகு கடலூரில் கரண்ட் இல்லாமல் கழிந்த நாட்களை மறக்காதவர்கள் கேஸ் அடுப்பை வீட்டைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள்.