துறைமுகக் கால்வாயின் ஆழம்: எந்நேரமும் 18 மீட்டரா, ஓதத்தோடு 16 மீட்டரா?

முழுச் சுமையேற்றிய 400 மீட்டர் நீளக் கொள்கலன் கப்பல் ஏறத்தாழ 16 மீட்டர் நீருக்குள் அமிழ்ந்திருக்கும்; அதன் கீழே மேலும் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவது வழக்கமாதலால், எந்நேரமும் துறைமுகத்துக்குள் நுழைய, கப்பல் வரும் கால்வாய்க்கு 18 மீட்டர் ஆழம் வேண்டும்.

அந்த ஆழம், ஓதத்துக்காக, அதாவது கடல் நீர்மட்டம் உயர்வதற்காக, காத்திருப்பதை நீக்கும். ஆனால் செலவு ஒருமுறை தோண்டுவதோடு முடிவதில்லை: ஆழமான கால்வாயில் நீரோட்டம் தளர்ந்து வண்டல் கூடுதலாகப் படிவதால் தொடர்ந்து தூர்வார வேண்டியிருக்கும், ஆற்றுமுகத் துறைமுகமாயின் உவர்நீர் மேலும் உள்ளே ஏறக்கூடும் என்பதே என் பெருங்கவலை.

16 மீட்டர் கால்வாயில், ஓதம் 2 மீட்டர் உயரும் வேளையில் அதே கப்பல் நுழையலாம். கப்பல் நிற்கும் இடத்தை மட்டும் 18 மீட்டருக்குத் தோண்டினால், நீர் வடிந்தபின்னும் தரைதட்டாது. ஓதம் குறைந்த கரையில் இவ்வழி உதவாது. மற்ற இடங்களில், இத்தகைய கப்பல்கள் நாள்தோறும் வராதவரை, நான் இதையே தேர்வேன்.